முதுகுக்குப் பின்னால் ஊர்

என் கணவருக்கு இந்த ஊரைப் பற்றித் தெரியாதது ஒன்றுமில்லை. எந்தப் பூங்காவில் எந்தக் கிழமை வாத்தியக் குழு வாசிக்கும், அருங்காட்சியகத்தில் எந்த ஞாயிறு டிக்கெட் கிடையாது, ஆற்றங்கரை நடைபாதையில் மாலையில் எந்தப் பக்கம் நிழல் விழும், எல்லாம் விரல் நுனியில். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். ஒருமுறை எழுப்பிக் கேட்டேன், சொன்னார். அங்கெல்லாம் போனதுதான் கிடையாது.

ரயில் நிலையத்தில் பயணிகளுக்கான தகவல் கவுண்டரில் அவருக்கு வேலை. வெளியூரிலிருந்து வந்து இறங்குகிறவர்கள் பெட்டியும் கையுமாக அவர் முன்னால் வந்து நின்று, "செலவில்லாம பாக்கற மாதிரி என்ன இருக்கு?" என்று கேட்பார்கள். இவர் முகம் மலரச் சிரித்து, ஒவ்வொருவருக்கும் பொறுமையாகச் சொல்லி அனுப்புவார். அந்தச் சிரிப்பெல்லாம் அங்கேயே செலவாகிவிடும். வீட்டுக்கு வரும்போது வெறும் ஆள் மட்டும்தான் வருவார். "ஞாயித்துக்கிழமை எங்கயாவது வெளிய போலாமா?" என்று கேட்டால், "வாரம் முழுக்க ஊரைச் சுத்திக் காட்டிட்டு வரேன், ஞாயித்துக்கிழமையுமா?" என்பார். உட்கார்ந்த இடத்திலிருந்தே சுற்றிக் காட்டியவருக்குக் கால் வலி வேறு.

கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்து மூன்று வருஷம் ஆகிறது. அந்த மூன்று வருஷமும் நான் பார்த்த ஊர் பஸ் ஜன்னலுக்கு உள்ளே அடங்கிவிடும். பல் செட் செய்யும் லேப்பில் வேலை பார்க்கிறேன். பல் டாக்டர்கள் அச்செடுத்து அனுப்புவார்கள். நாங்கள் மெழுகில் ஒவ்வொரு பல்லாக அடுக்கி, கடி சரியாக இருக்கிறதா என்று பார்த்து, செட்டாக முடித்துக் கொடுப்போம். எங்களோடு இருக்கும் என் மாமியாரின் சிரிப்பு என் கைவேலைதான். இந்த ஊரில் நான் பெருமைப்பட்டுக்கொள்ள அது ஒன்றுதான் இருந்தது.

இப்படி இருக்கும்போதுதான் லேப் முதலாளியம்மா என்னைக் கூப்பிட்டு, வேறு ஊரில் கிளை திறக்கப் போவதாகவும், அதற்கு நான்தான் பொறுப்பாகப் போக வேண்டுமென்றும் சொன்னார். என் அக்கா இருக்கும் ஊர் அது. திங்கட்கிழமைக்குள் பதில் சொல்லச் சொன்னார். வீட்டுக்கு வந்து இவரிடம் சொன்னேன். கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தார். பிறகு, "உனக்கு எது சரின்னு படுதோ அதைச் செய்" என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போகாதே என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். போ, நானும் பின்னாலேயே வருகிறேன் என்றாவது சொல்லியிருக்கலாம். முன்பின் தெரியாதவர்களுக்கெல்லாம் வழி சொல்கிறவருக்குக் கட்டிய மனைவிக்குச் சொல்ல மட்டும் வழி தெரியவில்லை. இரண்டு நாள் நான் அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள் சனிக்கிழமை, அரை நாள் வேலை முடிந்ததும் நேராக ரயில் நிலையத்துக்குப் போய் அவருடைய கவுண்டர் வரிசையில் நின்றேன்.

அன்றைக்குத்தான் அவர் வேலை செய்கிற இடத்தை நிதானமாகப் பார்த்தேன். அவர் முதுகுக்குப் பின்னால் பெரிய கண்ணாடிச் சுவர், ஓரத்தில் வெளியே போகும் கதவு, அதற்கு அப்பால் ஊர். வந்தவர்கள் ஊரைப் பார்த்து நிற்கிறார்கள், இவர் அவர்களைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார். எனக்கு முன்னால் ஒரு மஞ்சள் பெட்டியோடு வயதான தம்பதி நின்றார்கள். அவர்களிடம் இவர் முதலில் கேட்ட கேள்வி, "எத்தனை நாள் தங்கப்போறீங்க?" என்பது. எல்லோரிடமும் முதலில் அதைத்தான் கேட்டார். ஏதோ தன் வீட்டுக்கே வந்து தங்கப் போகிறார்கள் என்பது போல அவ்வளவு அன்பாகக் கேட்டார். பதிலைக் கேட்டுக்கொண்டு, அதற்குத் தகுந்தபடி கையை ஆட்டி ஆட்டி வழி சொன்னார்.

என் முறை வந்தது. "வணக்கம், சொல்லுங்க" என்று நிமிர்ந்தவர் அப்படியே உறைந்துவிட்டார்.

"ஊருக்குப் புதுசு சார்," என்றேன். "மூணு வருஷம்தான் ஆகுது. காசில்லாம சுத்திப் பாக்க என்ன இருக்கு?"

அவர் குரலைத் தாழ்த்தி, "வீட்டுல பேசிக்கலாமே" என்றார்.

"வீட்டுல இந்த ஆபீசர் கிடைக்கறதில்லையே."

எனக்குப் பின்னால் முதுகுப்பையோடு நின்ற பெண் எட்டிப் பார்த்து, "பரவால்ல சார், அவங்களுக்கு நிதானமா சொல்லுங்க, எங்களுக்கு அவசரமில்ல" என்றாள். அவருக்குத் தப்பிக்க வழியில்லை. சொல்ல ஆரம்பித்தார். நண்பகலில் பொம்மைகள் வெளியே வந்து சுற்றும் மணிக்கூண்டு, ஞாயிறு மதியம் ஒரு மணி வரை இலவசமாகத் திறந்திருக்கும் அருங்காட்சியகம், ஆளுயரச் செடிகளை வெட்டிச் சுழல் பாதை அமைத்த தோட்டம், ஆற்றங்கரை, கடைசியில் சூரியன் சாயும்போது குன்று. பொய் சொல்லக் கூடாது, அழகாகத்தான் சொன்னார். கேட்கக் கேட்க எனக்கே போகலாம் போலிருந்தது. ஒன்று மட்டும் உறுத்தியது. எல்லோரிடமும் கேட்ட அந்த முதல் கேள்வியை என்னிடம் அவர் கேட்கவில்லை.

"நாளைக்கு நீங்களே கூட்டிட்டுப் போங்க," என்றேன். "ஊர் பிடிச்சிருந்தா இருக்கறதைப் பத்தி யோசிக்கறேன். இல்லைன்னா திங்கட்கிழமை லேப்ல சரின்னு சொல்லிடுவேன்."

அவர் முகத்தில் ஈயாடவில்லை. நான் திரும்பிப் பார்க்காமல் வந்துவிட்டேன்.

ஞாயிறு காலை எங்களுக்கு முன்னால் தயாராகி நின்றது அத்தைதான். மகனுக்கு வேலை கிடைத்தபோது அவரோடு இந்த ஊருக்கு வந்தவர். காய்கறிக் கடையையும் கண் டாக்டரையும் தவிர அவரும் எதையும் பார்த்ததில்லை. கான்வாஸ் ஷூ, குடை, பையில் நாலைந்து ஆப்பிள். "இத்தனை வருஷமா இவன் வாயாலயே ஊரைப் பாத்தாச்சு. கண்ணாலயும் ஒரு தடவை பாத்துடறேன்" என்றார்.

ரயில் நிலையத்து வாசலிலிருந்துதான் கிளம்ப வேண்டும் என்று இவர் பிடிவாதம் பிடித்தார். அவர் சொல்லும் எல்லா வழியும் அங்கேதான் தொடங்குமாம். போனில் ஒருமுறை பார்த்துக்கொள்ளலாமே என்றேன். "எனக்கா மேப்பு?" என்று சிரித்துவிட்டு, "மணிக்கூண்டுக்கு இடது பக்கம்" என்று சொல்லிக்கொண்டே விறுவிறுவென்று நடந்தார். வலது பக்கம் நடந்தார். அவ்வளவு உறுதியாக நடந்தால் யார் கேட்பது? பின்னாலேயே போனோம்.

வெகுதூரம் நடந்தும் மணிக்கூண்டு வரவில்லை. பஸ் டிப்போதான் வந்தது. கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் பஸ்ஸைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். ஆள் கழுவவில்லை. பஸ் மெதுவாக உள்ளே வர, இரண்டு பக்கமும் ஆளைவிட உயரமான பிரஷ்கள் சுழன்று தேய்த்தன. நுரை வழிந்தது. மேலிருந்து தண்ணீர் பீறிட்டதில் வெயில் பட்டுக் குட்டியாக ஒரு வானவில் வந்தது. அழுக்கு மூட்டையாக உள்ளே போன பஸ், புதுமாப்பிள்ளை மாதிரி வெளியே வந்தது. நம்பரைப் பார்த்தேன். தினமும் நான் லேப்புக்குப் போகும் பஸ். அதன் நிஜ நிறம் பச்சை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

"இன்னொன்னு வருது, இருங்க" என்று அத்தை வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். மூன்று பஸ் குளித்து முடிக்கும்வரை நகரவில்லை. எங்கோ தூரத்தில் பன்னிரண்டு மணி அடித்தது. இவர் வாட்சைப் பார்த்தார், முகம் வாடியது.

"போனாப் போகுது. அருங்காட்சியகத்தை விடக் கூடாது. வலது பக்கம்," என்று சொல்லி இடது பக்கம் திரும்பினார்.

இந்த முறை நாய்களுக்குப் பயிற்சி கொடுக்கும் மைதானத்தில் போய் நின்றோம். கட்டையைத் தாண்ட வேண்டும், குழாய்க்குள் நுழைந்து வர வேண்டும். மற்ற நாய்கள் சொன்னதைச் செய்தன. கொழுகொழுவென்று ஒரு நாய் மட்டும் கட்டைக்கு முன்னால் உட்கார்ந்து பயிற்சியாளரை வேடிக்கை பார்த்தது. அவர் எப்படித் தாண்ட வேண்டும் என்று தாண்டிக் காட்டினார். நாய் வாலாட்டியது. மறுபடி தாண்டிக் காட்டினார். நாய் இன்னும் ஜோராக வாலாட்டியது. அவருக்கு வேர்த்துக் கொட்டியது. குழாய்க்குள்ளும் அவரே நுழைந்தபோது அத்தை சிரித்த சிரிப்பில் மேல் செட் கழன்றுவிட்டது. கையால் பொத்திக்கொண்டு, "உன் வேலை கெட்டிதாம்மா, சிரிப்புதான் அதைவிட கெட்டி" என்றார். நானும் கண்ணில் நீர் வரச் சிரித்தேன். இந்த ஊரில் நான் அப்படிச் சிரித்ததாக நினைவில்லை.

சிரிக்காதவர் ஒருவர்தான். அருங்காட்சியகத்தின் இலவச நேரமும் முடிந்துவிட்டது. தெரு முனையில் நின்று நாலு பக்கமும் பார்த்தார். "மணிக்கூண்டை வேற இடத்துக்கு மாத்திட்டாங்களோ?" என்றார்.

"மணிக்கூண்டு என்னடா டிரங்குப் பெட்டியா, தூக்கி வெக்க?" என்றார் அத்தை.

அவர் பக்கத்திலிருந்த பெஞ்சில் தொப்பென்று உட்கார்ந்துவிட்டார். "நான் இத்தனை வருஷமா எத்தனை பேரை அனுப்பியிருக்கேன். எல்லாரும் இப்படித்தான் அலைஞ்சிருப்பாங்களா? நேத்து அந்த மஞ்சப் பெட்டிக்காரங்க, பாவம், அந்த அம்மாவுக்கு நடக்கவே முடியல." அத்தனை நாள் கோபமும் எனக்கு எங்கே போனதென்று தெரியவில்லை. தன் வேலை பொய்யாகிவிட்டதோ என்று பயந்து உட்கார்ந்திருக்கும் மனுஷனைப் பார்க்கப் பரிதாபமாக இருந்தது.

அப்போதுதான் எனக்குள் பொறி தட்டியது. "இடது கையைத் தூக்குங்க" என்றேன்.

"எதுக்கு?"

"தூக்குங்களேன். யோசிக்காம."

வலது கையைத் தூக்கினார்.

எங்கள் தொழிலில் முதல் வாரமே சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். எதிரில் இருப்பவர் வாயைத் திறந்தால், அவருடைய இடது கடைவாய் நம் வலது கைப் பக்கம் இருக்கும். அது புரியாமல் பல் அடுக்கினால் இடது பக்கத்துப் பல் வலது பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். இவர் அந்தப் பாடத்தை அளவுக்கு மீறிக் கற்றுக்கொண்டுவிட்டார். ஊரைப் பார்த்து நிற்பவர்களுக்கு அவர்களின் இடதைக் காட்ட, இவர் தினமும் தன் வலது கையைத் தூக்கியிருக்கிறார். வாய் இடது என்று சொல்லும்போதெல்லாம் கை வலதுக்குப் போய்ப் போய் அதுவே பழகிவிட்டது. இன்றைக்கு வாய் சரியாகத்தான் சொன்னது. கால் கையோடு போய்விட்டது.

அவரை எழுப்பி, வழி கேட்டுக் கேட்டு ரயில் நிலையத்து வாசலுக்கே திரும்பி வந்தோம். "எங்க எதிர்ல வந்து நில்லுங்க. தெருவுக்கு முதுகைக் காட்டிட்டு எங்களைப் பாருங்க," என்றேன். "நாங்க இப்பதான் ரயில்ல வந்து இறங்கியிருக்கோம். தோட்டத்துக்கு எப்படிப் போகணும்?"

அவர் எங்களைப் பார்த்தார். தோள் நிமிர்ந்தது. கவுண்டரில் பார்த்த அந்தச் சிரிப்பு வந்தது. "நேரா போயி, தபால் ஆபீஸ் தாண்டினதும் இடது பக்கம் திரும்புங்க" என்றார். வலது கை உயர்ந்தது, எங்கள் இடது பக்கத்தைக் காட்டியது. போனோம். தபால் ஆபீஸ் வந்தது. தாண்டியதும் இடது பக்கம் தோட்டம், வாசலில் கொட்டை எழுத்தில் அனுமதி இலவசம் என்ற பலகையோடு.

அதன்பிறகு அவர் முன்பக்கமாக நடக்கவே இல்லை. எங்களைப் பார்த்துக்கொண்டு பின்பக்கமாகவே நடந்தார். "கல்லு" என்று நான் சொல்வேன். "தூண்டா, தூண்" என்று அத்தை கத்துவார். அவர் லாவகமாக ஒதுங்கிக்கொண்டு, வலது கையில் வருவது என்ன, இடது கையில் வருவது என்ன என்று சொல்லிக்கொண்டே போவார். தோட்டத்தில் இரண்டு பேர் எங்களோடு சேர்ந்துகொண்டார்கள், இலவசமாகச் சுற்றிக் காட்டுகிறார்கள் என்று நினைத்து. ஆற்றங்கரையில் இன்னும் நாலைந்து பேர். அத்தை அவர்களை வரிசையில் வரச் சொல்லி அதட்டினார். சுழல் பாதையில் மட்டும் எல்லோரும் தொலைந்தோம். அங்கே தொலைவதற்குத்தான் போகிறார்கள் என்பதால் இவருக்குக் கெட்ட பெயர் இல்லை.

ஆற்றோரத்து மரத்தடி பெஞ்சில் மஞ்சள் பெட்டிக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள், பெட்டி இல்லாமல். அந்த அம்மா இவரைப் பார்த்ததும் கையாட்டினார். "நீங்க சொன்ன மாதிரியே இடது பக்கம் போனோம் தம்பி. மணிக்கூண்டுல பொம்மையெல்லாம் பாத்துட்டோம். நிழலும் நீங்க சொன்ன பக்கம்தான்." இவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தூசியாம்.

குன்றுக்கு ஏறும்போது எங்களோடு வந்தவர்கள் பிரிந்து போயிருந்தார்கள். வளைந்து வளைந்து போன சாய்பாதையில் அத்தை குடையை ஊன்றி ஏறி, உச்சியில் ஒரு திட்டில் உட்கார்ந்து ஆப்பிளை எடுத்துக் கடிக்க ஆரம்பித்தார். கடிபட்ட சத்தத்தில் என் வேலை மேல் எனக்கு நம்பிக்கை திரும்பியது. இவர் அங்கேயும் எங்களைப் பார்த்துக்கொண்டே, "உங்களுக்கு நேரா தெரியறது ஆறு, அதுக்கு அந்தப் பக்கம் ஸ்டேஷன்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் அவர் தோளைப் பிடித்துத் திருப்பினேன்.

வெயில் சாய்ந்து கூரைகளெல்லாம் பொன்னிறமாக இருந்தன. ஆறு இரண்டு பாலங்களுக்கு அடியில் நுழைந்து போனது. கழுவின பஸ் ஒன்று குட்டியாகப் பாலத்தில் ஊர்ந்தது. மணிக்கூண்டு, ஸ்டேஷன் வாசலிலிருந்து பார்த்தால் இடது பக்கம், இருக்க வேண்டிய இடத்திலேயே இருந்தது. அவர் அதையெல்லாம் முதல்முறையாகப் பார்த்தார். நான் பக்கத்தில் நின்றேன். யோசித்துப் பார்த்தால், நாங்கள் பக்கத்தில் பக்கத்தில் நின்று ஒரே பக்கம் பார்த்தே வெகுகாலம் ஆகியிருந்தது.

"ஒண்ணு கேக்கணும்," என்றேன். "எல்லார்கிட்டயும் முதல்ல ஒரு கேள்வி கேக்கறீங்களே. நேத்து என்கிட்ட மட்டும் ஏன் கேக்கல?"

அவர் ஊரைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "எத்தனை நாளுன்னு நீ சொல்லிட்டா என்ன பண்றது?" என்றார். "எல்லாரும் ரெண்டு நாள், மூணு நாள்னு சொல்வாங்க. எழுதிப்பேன். அனுப்பிடுவேன். உன் வாயிலேர்ந்து ஒரு கணக்கு வந்துட்டா எனக்குத் தாங்காது. அதான் வீட்டுலயும் கேக்கல. போகாதேன்னா உன் வேலைக்குக் குறுக்க நிக்கற மாதிரி இருக்கும். போன்னு சொல்ல வாய் வரல."

இதை அன்றைக்கே டம்ளரைக் கீழே வைக்கும்போது சொல்லியிருந்தால் நாய் மைதானம்வரை வந்திருக்க வேண்டியதில்லை. ஆனால் நாய் மைதானத்தை விட்டுக்கொடுக்கவும் எனக்கு மனமில்லை. என் முடிவு என்னவென்று அவர் அப்போதும் கேட்கவில்லை. அத்தைதான் கடைசி ஆப்பிளை நீட்டி, "ரெண்டு பேரும் ஆளுக்குப் பாதி" என்றார்.

திங்கட்கிழமை காலையில் லேப்புக்குப் போனதும் முதலாளியம்மாவின் அறைக்குப் போனேன். ஐந்து நிமிஷம்தான் பேசினேன். மதியச் சாப்பாட்டு நேரத்தில் பச்சை பஸ்ஸைப் பிடித்து ரயில் நிலையத்துக்குப் போய் வரிசையில் நின்றேன். தூரத்திலேயே அவர் என்னைப் பார்த்துவிட்டார். எனக்கு முன்னால் நின்றவரிடம் ஒரே விஷயத்தை இரண்டு தடவை சொன்னார்.

என் முறை வந்தது. அவர் பேனாவை எடுத்தார், கீழே வைத்தார், மறுபடி எடுத்தார். "வணக்கம்" என்றார். பிறகு, அந்தக் கண்ணாடிச் சுவருக்கு முன்னால் உட்கார்ந்து ஆயிரம் பேரிடம் கேட்டிருக்கும் கேள்வியை, இப்போதுதான் முதல்முறை கேட்கிறவர் மாதிரி திக்கித் திக்கிக் கேட்டார்.

"எத்தனை நாள் தங்கப்போறீங்க?"

"தங்க வரல சார்," என்றேன். "நான் இங்கதான் குடியிருக்கேன். காலையில லேப்லயும் சொல்லிட்டு வந்துட்டேன்."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். பேனா மூடியைக் கழற்றினார், மாட்டினார். எனக்குப் பின்னால் ஒருவர் பொறுமையிழந்து தோளுக்கு மேல் எட்டிப் பார்த்து, "சார், மணிக்கூண்டு எந்தப் பக்கம்?" என்றார். இவர் வாயைத் திறந்தார். ஊருக்கெல்லாம் வழி சொன்ன வாயிலிருந்து ஒரு வார்த்தை வரவில்லை.

"இடது பக்கம்" என்று நான் சொல்லிக் கையைத் தூக்கினேன். நான் ஊரைப் பார்த்து நின்றிருந்ததால் கை சரியாகவே போனது.